1995இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் வரவில்லை

சில மாதங்களுக்கு முன் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தோம். பாடசாலை மண்டபம் ஒன்றில் பழைய முத்திரை, பழைய நாணயம், பழைய ரேடியோ எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு நீள மேசை. மேசையில் யாழ்ப்பாணம் புகையிரத நிலையம். மூன்று மொழிப் பெயர்ப்பலகை, மேடை, கொஞ்சம் தள்ளி நாலைந்து பனை. மேடையோடு ஒட்டினபடி ஒரு ரயில். முன்னால் எம்2 வகை டீசல் இஞ்சின், இலக்கம் 570, பக்கத்தில் 'அல்பேட்டா' என்ற பெயர்.

கைவேலை என்றால் அப்படியொரு கைவேலை. கைபிடிக் கம்பி, படிக்கட்டு, காற்றுப் போகிற சட்டம், புகை படிந்த கறுப்பு, ஒன்றும் விடுபடவில்லை. செய்தவர் அறுபது தாண்டின ஒரு ஐயா. மூன்று வருஷம் செலவழித்தாராம். நாங்கள் குனிந்து குனிந்து பார்த்தோம். பிறகு கீழே நிறுத்தியிருந்த சின்ன மட்டையைப் பார்த்தோம்: 'யாழ்தேவி, யாழ்ப்பாணம், 1995'.

எழுத்துப் பிழையாக இருக்கும், 1965 ஆக்கும் என்று நினைத்துக் கேட்டோம்.

"இல்லைப் பிள்ளையள், அது சும்மா ஒரு வருஷம். அந்தக் காலம் எண்டு காட்டத்தானே. நீங்கள் இஞ்சினைப் பாருங்கோ. ஒரு ஆணி பிழையெண்டு கண்டுபிடியுங்கோ பாப்பம்."

எங்களால் ஒரு ஆணியும் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் எங்களில் ஒருத்தியின் முகம் மாறிவிட்டது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள், வலிகாமத்தில் இருந்து வெளிக்கிட்ட இலட்சக்கணக்கான சனத்தோடு அவளுடைய அம்மாவும் செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்துக்கு நடந்தவர். அந்த வருஷம் யாழ்ப்பாணம் ஸ்டேசனில் ரயில் நின்றிருந்தால் அம்மா ஏன் நடக்கவேண்டும்?

"அப்ப என்ன வருஷம் போடோணும் எண்டு சொல்லுங்கோவன்" என்று ஐயா கேட்டார். கோபமாக இல்லை, உண்மையாகத்தான் கேட்டார். எங்களுக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரைதான் பதில்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம். 'விளையாட்டுச் சாமானுக்கு என்னத்துக்கு இவ்வளவு கதை?' என்று கேட்கப்போகிறவர்களுக்கு இது. மொடல் ரயில் செய்கிறவர்கள் அதை விளையாட்டுச் சாமான் என்று சொல்வதில்லை. தாங்கள் சரித்திரத்தைச் சிறிதாக்கி வைத்திருக்கிறோம் என்றுதான் சொல்கிறார்கள். சரி, அப்படியென்றால் சரித்திரக் கணக்கிலேயே பார்ப்போம்.

அந்தக் கணக்கு எப்படி என்பதற்கு, இந்தக் கலை நல்லாய் வேர்விட்ட அமெரிக்காவில் இருந்து ஒரு உதாரணம். கலிபோர்னியா செஃபிர் என்று ஒரு ரயில். 1949 மார்ச்சில் தொடங்கி 1970 மார்ச் வரை சிக்காகோவுக்கும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாக் கரைக்கும் இடையில் ஓடியது. மூன்று கம்பெனிகள் சேர்ந்து ஓட்டின ரயில் அது. சிக்காகோவில் இருந்து டென்வர் வரைக்கும் பேர்லிங்ரன் கம்பெனியின் இஞ்சின். டென்வரில் இருந்து சோல்ற் லேக் சிற்றி வரைக்கும் றியோ கிராண்ட். அதற்குப் பிறகு வெஸ்டர்ன் பசிபிக். பெட்டிகள் துருப்பிடிக்காத உருக்கில் செய்தவை, பெயர்கள் எல்லாம் 'சில்வர்' என்று தொடங்கும். கூரைக்கு மேல் கண்ணாடிக் கூண்டு வைத்த பெட்டிகள் ஐந்து.

இப்போது ஒருவர் டென்வருக்குக் கிழக்கே உள்ள ஒரு ஊரை மேசையில் கட்டிவிட்டு, அதற்குள் வெஸ்டர்ன் பசிபிக் இஞ்சின் இழுக்கிற செஃபிரை ஓடவிட்டால், பார்க்கிற பழையவர்கள் சிரிப்பார்கள். கண்ணாடிக் கூண்டுப் பெட்டி ஐந்துக்குப் பதில் இரண்டு என்றால் பிழை. 1975 மொடல் கார் ஒன்று ஸ்டேசன் வாசலில் நின்றால் அதுவும் பிழை, ஏனென்றால் அந்த வருஷம் அந்த ரயிலே இல்லை. சரக்கு ரயிலில் பெட்டி முன்பின் மாறி வரும், யாரும் கேட்கமாட்டார்கள். பயணிகள் ரயில் அப்படியில்லை. அதற்கு நேரசூசி இருக்கிறது, பெட்டிகளுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, தொடங்கின நாளும் முடிந்த நாளும் இருக்கிறது. எந்தப் பாதை, எந்த வருஷம், எந்த ரயில் என்ற மூன்றும் பொருந்தவேண்டும். இந்தக் கலையின் முதல் பாடமே இதுதான். ஆணி எண்ணுவது அதற்குப் பிறகு.

நாங்கள் இந்த ஒழுங்கை மதிக்கிறோம். எங்கள் குற்றச்சாட்டு வேறு. சரித்திரம் சரியாக இருக்கவேண்டும் என்று ஆணி எண்ணுகிற ஆட்களே, ஒரு இடத்துக்கு வந்ததும் எண்ணுவதை நிற்பாட்டிவிடுகிறார்கள். அந்த இடம் எது என்று பாருங்கள்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஓடின ரயில்களை எடுப்போம். 1890இல் லூசியானா மாநிலம் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பெட்டி என்று சட்டம் போட்டது. 1892இல் ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் வேண்டுமென்றே வெள்ளையர் பெட்டியில் ஏறி இருந்து கைதானார். 1896இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் சரி என்றது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தென்மாநில ரயில்கள் எப்படிக் கட்டப்பட்டன என்பதையே அந்தத் தீர்ப்புத்தான் நிர்ணயித்தது. நீராவிக் காலத்தில் கறுப்பருக்கு ஒதுக்கின பெட்டி பெரும்பாலும் இஞ்சினுக்கு அடுத்ததாகக் கொழுவப்படும். புகையும் கரித்தூளும் முதலில் விழுகிற இடம் அது. சில பெட்டிகளில் நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்தார்கள்.

அப்படிப்பட்ட பெட்டி ஒன்று இன்று வாஷிங்டனில் இருக்கிறது. சதர்ன் ரயில்வேயின் பெட்டி அது. ஆபிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகத்தில், கட்டிடம் எழும்ப முன்னமே 2013இல் பாரந்தூக்கியால் இறக்கி வைத்துவிட்டு, அதைச் சுற்றித்தான் மிச்சக் கட்டிடத்தைக் கட்டினார்கள். உள்ளே போனால் ஒரே பெட்டியில் இரண்டு உலகம். ஒரு பக்கம் வசதியான கழிவறை, சாமான் வைக்கத் தட்டு. மற்றப் பக்கம் ஒடுங்கின கழிவறை, தட்டு இல்லை. மடியிலும் காலடியிலும் சாமானை வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சாப்பாட்டுப் பெட்டியில் திரை இருந்தது. எல்மர் ஹென்டர்சன் என்ற கறுப்பின அரச உத்தியோகத்தர் 1942இல் சதர்ன் ரயில்வேயில் போகும்போது சாப்பிடப் போனார். கறுப்பருக்கென்று திரை போட்டு ஒதுக்கின மேசைகளிலும் வெள்ளையர் இருந்தார்கள். அவருக்கு இடம் இல்லை. வழக்குப் போட்டார். 1950இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் திரை பிழை என்றது. மாநிலம் விட்டு மாநிலம் போகிற ரயில்களில் பிரித்து இருத்துவதை நிறுத்தச் சொன்ன உத்தரவு 1956 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

இப்போது சொல்லுங்கள். 1948இல் ஓடின ஒரு தென்மாநில ரயிலை ஒருவர் செய்கிறார். ஜன்னல் எத்தனை என்று பழைய வரைபடம் தேடி எண்ணுகிறார். பச்சை எந்தப் பச்சை என்று பெயின்ற் கலந்து கலந்து பார்க்கிறார். உள்ளே லைற் போட்டு இருக்கைகளும் வைக்கிறார். ஆனால் நடுச்சுவர் இல்லை. திரை இல்லை. மேசையில் இருக்கிற சின்னப் பொம்மை மனிதர்கள் எல்லாரும் ஒரே நிறம். இது எப்படிச் சரித்திரம்? சுவர் என்பது ஆணியைவிடப் பெரிய சாமான். வரைபடத்திலேயே இருக்கிற சாமான். அதைக் காணாமல் விடுவதற்குக் கண்ணாடி போடாதது காரணமாக இருக்க ஏலாது.

புல்மன் படுக்கைப் பெட்டிகளும் அப்படித்தான். அந்தப் பெட்டிகளின் அழகைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அதில் படுக்கை விரித்து, சப்பாத்துத் துடைத்து, இரவிரவாக முழித்திருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பணியாளர்கள். முதலாளி ஜோர்ஜ் புல்மனின் பெயரை வைத்து, அவர்கள் எல்லாரையும் பயணிகள் 'ஜோர்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் தேவைப்படவில்லை. 1925இல் அவர்கள் சங்கம் தொடங்கினார்கள். கம்பெனியோடு ஒப்பந்தம் வைக்க 1937 ஆனது. பன்னிரண்டு வருஷம். மொடல் பெட்டியில் அவர்களைத் தேடிப் பாருங்கள். படுக்கை விரித்திருக்கும், விரித்தவரைக் காணோம்.

அங்கே சுவர் விடுபட்டது. எங்கட மேசையில என்ன விடுபட்டது?

இலங்கை ரயிலைச் செய்ய வெளிக்கிடுகிறவருக்கு முதல் தலையிடி தண்டவாளம். எங்கள் பாதை அகலப் பாதை, ஐந்தடி ஆறங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். கடையில் கிடைக்கிற சாதாரண மொடல் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். 87இல் ஒரு பங்கு என்ற அளவில் பெருக்கினால் அது ஏறத்தாழ 1435 மில்லிமீற்றர், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் இருக்கிற அகலம். எங்கள் பாதைக்கு அதே அளவில் 19.3 மில்லிமீற்றர் வேண்டும். பிரித்தானியர் பாவிக்கிற 76இல் ஒரு பங்கு என்றால் 22 மில்லிமீற்றர். கடைத் தண்டவாளத்தில் எங்கள் பெட்டியை வைத்தால் பெரிய உடம்புக்குக் குச்சிக் கால் வைத்த மாதிரி இருக்கும். ஆகவே மினக்கெடுகிறவர்கள் தண்டவாளத்தையும் தாங்களே செய்கிறார்கள். அந்த ஐயாவும் செய்திருந்தார். சிலிப்பர் கட்டை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டியிருந்தார். அதற்கு எங்கள் மரியாதை உண்டு.

அடுத்தது இஞ்சின். எம்2 இஞ்சின்கள் 1954 தொடக்கம் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்தவை. கனடாவின் மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள்: ஒன்ராறியோ, அல்பேட்டா, மனிற்றோபா. கனடா இஞ்சின் இழுத்த ரயிலில் கொழும்புக்குப் போய்வந்தவர்களின் பிள்ளைகள் பிறகு கனடாவுக்கே போனார்கள். எங்கள் சரித்திரம் எங்களைப் பார்த்து இப்படியும் சிரிக்கும்.

இந்த இஞ்சின்களில் ஒன்று, 591 மனிற்றோபா, 2004 டிசம்பர் 26இல் பெரலியவில் சுனாமி அடித்த ரயிலை இழுத்துக்கொண்டு போனது. ஆயிரத்து எழுநூறுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். இஞ்சினைத் திருத்தி மீண்டும் ஓடவிட்டபோது அதன் பக்கத்தில் அலை ஒன்றை வரைந்தார்கள். ஆகவே 591ஐ செய்கிற ஒருவர் 1980 என்று எழுதிவிட்டு அலையைப் போட்டால் பிழை. திருத்தி ஓடவிட்ட காலம் என்று எழுதிவிட்டு அலையைப் போடாவிட்டால் அதுவும் பிழை. பெயின்ற் கூட நடந்ததை ஞாபகம் வைத்திருக்கிறது. இதை விளங்கிக்கொள்கிற ஆட்களுக்கு வருஷம் ஏன் முக்கியம் என்று நாங்கள் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஆனால் யாழ்தேவி என்று வந்தால் மட்டும் எல்லாருக்கும் வருஷம் மறந்துபோகிறது.

யாழ்தேவி பற்றி எங்கள் ஆட்கள் எழுதுவதை வாசித்துப் பாருங்கள். ஜன்னல் காற்று, மாம்பழக் கூடை, மாகோவில் வடை, கோட்டையில் இறங்கினவுடன் மாமா. எல்லாம் உண்மைதான், இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்த எழுத்துகளில் வருஷம் இருக்காது. 'அந்தக் காலம்' என்று ஒரு காலம் இருக்கும். அந்தக் காலத்தில் எல்லாரும் ஒற்றுமை, ரயில் நேரத்துக்கு வந்தது, ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு திடீரென்று ஒருநாள் ரயில் இல்லை. ஏன் இல்லை என்பது ஏதோ காலநிலை மாதிரி.

வருஷங்களை நாங்கள் போடுகிறோம். யாழ்தேவி தொடங்கினது 1956 ஏப்ரல் 23. அதே வருஷம் ஜூனில் தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்தது. வடக்கைக் கொழும்போடு கட்டின ரயிலும், வடக்கைக் கொழும்பிலிருந்து அறுக்கத் தொடங்கின சட்டமும் இரண்டு மாத இடைவெளியில் பிறந்தவை. 1958 மே மாதம் மட்டக்களப்புப் பாதையில் பொலநறுவை ஸ்டேசனில் தமிழர்களைத் தேடி ரயிலுக்குள் ஏறினார்கள். 1977 ஓகஸ்டில் அனுராதபுரம் ஸ்டேசனில் தமிழ்ப் பயணிகள் அடிபட்டார்கள். வடக்குப் பாதையின் நடு ஸ்டேசன் அது. அதைத் தாண்டாமல் யாழ்தேவி வர ஏலாது. 1983 ஜூலைக்குப் பிறகு கொழும்பு முகாம்களில் இருந்த சனத்தைக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்து சேர்த்தது கப்பல். ரயில் தண்டவாளம் அப்போதும் இருந்தது, அதில் ஏறப் பயம்.

எங்கள் பக்கத்தையும் எழுதத்தான் வேணும். 1985 ஜனவரியில் முறிகண்டிக்குக் கிட்ட யாழ்தேவியில் வெடித்தது இயக்கம் வைத்த குண்டு. இராணுவத்தினர் போன ரயில் என்று காரணம் சொல்லலாம். செத்தவர்களில் சாதாரண சனமும் இருந்தார்கள். அதை விட்டுவிட்டு மற்ற எல்லாத்தையும் எழுதினால் நாங்களும் நடுச்சுவரைக் காணாமல் விட்ட ஆட்கள்தான்.

1990 ஜூனோடு யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. யார் யார் கழற்றினார்கள் என்று கேட்டால் இரண்டு தரப்பும்தான். 2011க்குப் பிறகு பாதையைத் துண்டு துண்டாகத் திரும்பக் கட்டினார்கள்: 2013இல் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, 2014 ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. இடையில் இருபத்துநாலு வருஷம். எங்களில் பலர் அந்த இருபத்துநாலு வருஷத்துக்குள் பிறந்தவர்கள். எங்களுக்கு ரயில் பாதை என்றால் ஆடு மேய்கிற நீளமான மேடு. ஸ்டேசன் என்றால் கூரை இல்லாத சுவர். ரயிலை நாங்கள் முதலில் பார்த்தது படத்தில்.

ஆகவே 1995 என்று எழுதி ரயிலை நிற்பாட்டினால் அழிந்துபோவது ஒரு திகதி மட்டும் இல்லை, நாங்கள் வளர்ந்த காலம். அந்த வருஷம் யாழ்ப்பாணத்தில் இருந்து தெற்கே போக உண்மையாக இருந்த 'பயணிகள் சேவை' எது தெரியுமா? கிளாலிக் கடனீரேரியில் இரவில் விளக்கில்லாமல் ஓடின வள்ளம். அதற்கும் நேரசூசி இருந்தது: கடற்படை பார்க்காத நேரம்.

இன்னொரு ரயில் இருக்கிறது. அதை யாரும் செய்வதே இல்லை.

மலைநாட்டு ரயில் என்றால் இப்போது எல்லாருக்கும் ஒரே படம்தான் ஞாபகம் வரும். தெமோதரையில் ஒன்பது வளைவுப் பாலம், அதன் மேல் ரயில், வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற வெள்ளைக்காரர். மொடல் செய்கிறவர்களுக்கும் அந்தப் பாலம்தான் பிடிக்கும். அதே மலைப்பாதையில் இன்னொரு கோச்சி ஓடினது. மலையக மக்கள் அதற்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தார்கள்.

1948இல் பிரசாவுரிமை பறித்த சட்டம். 1964 ஒக்ரோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம். மனிதரைப் பெட்டி கணக்கில் பிரித்த ஒப்பந்தம். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் வளர்ந்த சனம், தகரப் பெட்டியும் மூட்டையுமாக மலைநாட்டு ஸ்டேசன்களில் ஏறினார்கள். ஏறினவர்களும் அழ, வழியனுப்ப வந்தவர்களும் அழ, கோச்சி தலைமன்னாருக்குப் போனது. அங்கே இறங்குதுறையில் கப்பல், அந்தப் பக்கம் இராமேஸ்வரம்.

ஆணி எண்ணுகிறவர்களுக்கு இதிலும் வேலை இருக்கிறது. 1914இல் இருந்து கப்பல் போனது தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்கு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது, ரயிலோடு சேர்த்து. பிறகுதான் கப்பல் இராமேஸ்வரத்துக்குத் திரும்பினது. ஆகவே 1970 என்று எழுதிவிட்டுத் தலைமன்னார் மேடையில் 'தனுஷ்கோடி' என்று பலகை வைத்தால் பிழை. ஒப்பாரிக் கோச்சியை யாராவது மேசையில் வைத்தால் இந்தப் பிழையை முதலாவதாகக் கண்டுபிடிக்க நாங்கள் தயார். வையுங்கோ பாப்பம்.

இனி, எங்களுக்கு வரப்போகிற பதில்களுக்கு வருவோம்.

ஒன்று: 'எல்லாத்துக்குள்ளையும் அரசியலைக் கொண்டுவராதையுங்கோ.' நாங்கள் கொண்டுவரவில்லை. ரயில் நின்றதும் ஓடினதும் அரசியலால். 1990 ஜூனுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ரயிலை நிற்பாட்டினவர் நீங்கள், உங்கள் மேசையில். அதுவும் அரசியல்தான், மறக்கிற அரசியல்.

இரண்டு: 'அப்ப ஒவ்வொரு மேசையிலும் குண்டும் பிணமும் வைக்கச் சொல்லுறியளோ?' இல்லை. 1965இல் ஒரு சனிக்கிழமை காலை யாழ்தேவி சந்தோசமாக வந்துபோயிருக்கும். அதைச் செய்யுங்கள். அந்தச் சந்தோசமும் உண்மைதான். அதற்குக் கீழே 1965 என்று எழுதுங்கள்.

மூன்று: 'இது காசுக்காரற்ற பொழுதுபோக்கு, உங்களுக்கு என்ன விளங்கும்?' வெளிநாட்டு இஞ்சின் ஒன்றின் விலை எங்களுக்கும் தெரியும். எங்களில் மூன்று பேர் மட்டையில் வெட்டிப் பெட்டி செய்கிறோம். சில்லு உருளாது, ஆனால் பெட்டிகளின் ஒழுங்கு சரி. வருஷம் சரியாக எழுதுவதற்குக் காசு தேவையில்லை. இந்தக் கலையிலேயே சும்மா கிடைக்கிற சாமான் அது ஒன்றுதான்.

நான்கு: 'எனக்குப் பிடிச்ச மாதிரி நான் ஓட்டுவன்.' தாராளமாக. மொடல் உலகத்திலேயே அதற்கு நேர்மையான இடம் இருக்கிறது. இல்லாத ஊர், இல்லாத கம்பெனி, இல்லாத பாதை என்று முழுக் கற்பனையாகச் செய்கிறவர்கள் நிறையப் பேர், நல்ல நல்ல வேலைகள். கற்பனை ரயில் ஓட்டுவது குற்றமில்லை. கற்பனைக்குக் கீழே வருஷத்தை எழுதி அதைச் சரித்திரம் என்று காட்டுவதுதான் குற்றம். கற்பனை என்றால் கற்பனை என்று எழுதுங்கள், நாங்கள் கைதட்டிவிட்டுப் போகிறோம்.

குறை சொல்லிவிட்டுப் போக நாங்கள் வரவில்லை. செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, அவசரமான வேலை. செஃபிரின் ஒவ்வொரு பெட்டிக்கும் பெயரோடு பட்டியல் இருக்கிறது. எங்கள் ரயில்களில் எந்த வருஷம் எத்தனை மூன்றாம் வகுப்புப் பெட்டி, எது முன்னால் எது பின்னால் என்று சொல்லக்கூடிய ஆட்கள் இப்போதும் உயிரோடு இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற கார்ட்மார், ஸ்டேசன் மாஸ்டர்மார், சிலிப்பர் கட்டை மாற்றின தொழிலாளிகள், ரயிலில் கடலை வித்தவர்கள். இன்னும் பத்து வருஷத்தில் அவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? போய்க் கேளுங்கள், பதிவுசெய்யுங்கள்.

உங்கள் வீட்டு அல்பத்தைத் திறவுங்கள். யாரோ ஒரு மாமி கலியாணம் முடித்துக் கொழும்புக்குப் போகும்போது ஸ்டேசனில் எடுத்த படம் இருக்கும். இவ்வளவு காலமும் மாமியைத்தான் பார்த்தோம். மாமிக்குப் பின்னால் நிற்கிற பெட்டியைப் பாருங்கள். எத்தனை ஜன்னல், என்ன இலக்கம், எந்த வகுப்பு. படத்தின் பின்பக்கம் வருஷம் எழுதியிருக்கும். அந்தக் காலத்து ஆட்கள் அதை மறக்கமாட்டார்கள். இடப்பெயர்வில் அல்பத்தைத் தொலைத்த வீடுகளில் கதையாவது இருக்கும். அதையும் எழுதுங்கள். மலையகத்தில் இருக்கிற நண்பர்களே, ஒப்பாரிக் கோச்சிக்கு வழியனுப்பப் போன உங்கள் அம்மம்மாமாரிடம் கேளுங்கள்: எந்த ஸ்டேசன், என்ன மாதம், பெட்டிக்குள் எத்தனை பேர், பெட்டியில் என்ன கட்டிக்கொண்டு போனார்கள்?

இவ்வளவும் சேர்ந்தால்தான் ஒரு சரியான மொடல். அப்போது பெட்டிக்குள் பொம்மை மனிதர்களை வைக்கும்போது யாரை எங்கே வைப்பது என்று எங்களுக்குத் தெரியும்.

ஐயா, நீங்கள் இதை வாசிப்பீர்களோ தெரியாது. வாசித்தால், அன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். உங்கட இஞ்சின் வடிவு, பெட்டி வடிவு, நீங்கள் வெட்டி ஒட்டின ஒவ்வொரு சிலிப்பர் கட்டையும் வடிவு. ரயில் நிக்கோணும் எண்டால் மட்டையில 1965 எண்டு மாத்துங்கோ. இல்லை, 1995 தான் வேணும் எண்டால் ரயிலைத் தூக்குங்கோ. தண்டவாளத்தையும் கழற்றுங்கோ. கூரையையும் எடுங்கோ. அதுதான் சரியான அளவில செய்த யாழ்ப்பாணம் ஸ்டேசன். அதையும் ஒருநாள் மேசையில வையுங்கோ, ஐயா. நாங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பாக்க வாறம்.